பதினோராம் ஆள்

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? இதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

இது ஐந்தாவது தாள். நாலு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. மே மாதத்திலிருந்து நாம் பேசவில்லை. அப்பா அம்மா போன பிறகு நமக்கு நாம் இரண்டே பேர். அதில் ஒருத்தி பேசாவிட்டால் வீட்டு ஜனத்தொகையில் பாதி போன மாதிரி இருக்கிறது.

நான் அதே லிஃப்ட் கம்பெனியில்தான் இருக்கிறேன். ஊரில் எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டு, நான் படியில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்காதே. ஆகியிருந்தால் உனக்குச் சொல்லாமலா இருப்பேன்.

ஒரு வேண்டுகோள். இனிமேல் நாம் கடிதமாகவே எழுதிக்கொள்வோம். போன் வேண்டாம். லிஃப்டுக்கு மேலே இருக்கிற மிஷின் ரூமில் சிக்னல் கிடைப்பதில்லை, கீழே வந்தால் ஒரே வண்டிச் சத்தம். உன் கையெழுத்தைப் பார்த்தும் நாளாகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்

•

பிப்ரவரி 3

அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலம். அவரும் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். இவர்தான் மூன்று வாரமாக அதை மேஜையில் என் கண்ணில் படுகிற இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

போன மே மாதம் ஒன்பதாம் தேதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து உன்னைக் கூப்பிட்டேன். ஐந்து மாதக் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அம்மா இருந்திருந்தால் அம்மாவைக் கூப்பிட்டிருப்பேன். நான் சொல்லி முடிக்கக்கூட இல்லை. நீ சொன்னாய்: "சரிம்மா, சரி. எல்லாம் நல்லபடியா நடக்கும். வேலை இருக்கு, வச்சிடறேன்." வைத்தும்விட்டாய்.

அதை எத்தனை முறை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பேன் தெரியுமா? எந்தப் பக்கம் திருப்பினாலும் அது என் அண்ணன் பேசுகிற பேச்சாக இல்லை. பிறகும் நீ வரவில்லை. பத்து நாள் கழித்து இவர் உனக்குச் செய்தி அனுப்பினார். அதற்கும் "தைரியமாக இருங்கள்" என்று இரண்டு வார்த்தை அனுப்பினாய்.

போன் வேண்டாம் என்கிறாய். சரி. எனக்கும் அந்தக் குரலை இனி ஒரு தடவை கேட்கத் தெம்பில்லை. கடிதமே எழுது. ஆனால் நல்லபடியா நடக்கும் என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
தங்கை

•

பிப்ரவரி 11

அன்புள்ள கட்டெறும்புக்கு,

சின்ன வயதில் கடித்ததைவிட இப்போது நன்றாகக் கடிக்கிறாய். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், வலி பரவாயில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மேஜையில் கடிதத்தை வைத்ததற்கு அவருக்கு என் நன்றி.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. ஒரு வரிகூட மிகை இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லுகிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. அதுவரை என்னைத் திட்டிக்கொண்டே இரு. எழுதித் திட்டு.

இன்றைக்கு ஒரு துணிக்கடை லிஃப்ட். ஏழாவது மாடியில் நின்றால் கதவு திறக்காது, ஆறில் திறக்கும். ஏழாவது மாடியில் முதலாளி அறை. கடைச் சிப்பந்திகள் யாருக்கும் அதைப் பழுது பார்ப்பதில் அவ்வளவு ஆர்வம் இல்லை என்பதைக் கவனித்தேன்.

நீ அந்தப் பல்கலைக்கழகத்தில் என்னதான் வேலை பார்க்கிறாய்? யாராவது கேட்டால் "என் தங்கச்சி புஸ்தகத்துல இருக்கா" என்று சொல்லிவைக்கிறேன். சரிதானா?

அன்புடன்,
அண்ணன்

•

பிப்ரவரி 28

அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். எனக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

புத்தகத்தில் இல்லை நான். பல்கலைக்கழகத்து ஆட்கள் செய்கிற ஆராய்ச்சியை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைக்கிறோம். திறந்த ஆய்வுக் காப்பகம் என்று பெயர். வருகிற ஒவ்வொன்றையும் திறந்துவிடுவதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டும். தலைப்பு சரியா, எந்தத் துறையில் சேர்ப்பது, யாருடைய சொந்த விஷயமாவது அதில் வெளியே தெரிகிறதா என்று.

தடித் தடியான ஆய்வேடுகள் மட்டும்தான் வரும் என்று நினைக்காதே. இந்த வாரம் மட்டும் வந்ததைச் சொல்கிறேன். ஈரச் சுவர் எப்படி உலர்கிறது என்று நானூற்று இருபது பக்கம். ஒரு கணித ஆசிரியர் மூன்றே பக்கம். அதில் இரண்டரைப் பக்கம் எனக்குப் புரியவில்லை, மீதி அரைப் பக்கம் அவர் மனைவிக்கு நன்றி. தேன்கூட்டுக்குள் மைக் வைத்து எடுத்த நாற்பது மணி நேரச் சத்தம். ஒரு நகரத்தின் பழைய சாக்கடை வரைபடங்கள். கருத்தரங்குச் சுவரில் ஒட்டிய படம், டீக்கறையோடு. ஒரே குளத்துக்கு இருபத்தாறு வருஷம் வந்துபோன பறவைகளின் அட்டவணை. அதில் பதினேழாவது வருஷம் மட்டும் ஒரு எண்கூட இல்லாமல் காலியாக இருக்கிறது.

தோற்றுப்போனதும் வரும். ஒரு பெண் நான்கு வருஷம் புதுசாக ஒரு பசை செய்யப் பாடுபட்டிருக்கிறாள். ஒட்டவில்லை. ஒட்டவில்லை என்பதை அறுபது பக்கத்தில் அழகாக எழுதிவைத்திருக்கிறாள்.

உன்னிடம் இவ்வளவு எழுதுவேன் என்று நான் நினைக்கவில்லை. கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதை எழுதிவைத்துவிடுகிறேன், மறந்துவிட்டேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
தங்கை

•

மார்ச் 10

அன்புள்ள கட்டெறும்புக்கு,

சளிக்கு ஆவி பிடி. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், சில சமயம் வேளைக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுகிறேன்.

உன் கடிதத்தை மிஷின் ரூமில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். எனக்கு அந்தப் பசைக்காரப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஒட்டவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட எத்தனை பேருக்கு மனசு வரும்? எங்கள் கம்பெனியில் பழுது சரியாகவில்லை என்றால் "கண்காணிப்பில் உள்ளது" என்று எழுதுவோம். பத்து வருஷமாகக் கண்காணிப்பில் உள்ள லிஃப்ட் எனக்குத் தெரியும்.

பறவை எண்ணினவரைப் பற்றி ஒரு சந்தேகம். அந்தப் பதினேழாவது வருஷத்தை ஏன் காலியாக விட்டார்? முன் வருஷத்தையும் பின் வருஷத்தையும் பார்த்து ஏதாவது ஒரு எண்ணைப் போட்டிருக்கலாமே. யாருக்குத் தெரியப் போகிறது?

கோபம் அப்படியே இருக்கட்டும். பத்திரமாக வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்

•

மார்ச் 27

அண்ணாவுக்கு,

சளி போய்விட்டது. இவருக்கு ஒட்டிக்கொண்டது. மற்றபடி நலம். நீ எப்படி இருக்கிறாய்?

உன் சந்தேகத்துக்குப் பதில். அந்த வருஷம் அவருக்கு உடம்பு முடியவில்லை, குளத்துக்குப் போகவில்லை. அடிக்குறிப்பில் அப்படியே எழுதியிருக்கிறார். போகாமலே ஒரு எண்ணைப் போட்டிருந்தால், மற்ற இருபத்தைந்து வருஷத்தையும் யாரும் நம்ப முடியாது அண்ணா. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று விடுவதுதான் எங்கள் வேலையில் மரியாதை.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. வேலை செய்கிற இடத்துச் சத்தத்தால் காது மந்தமானவர்கள் இருபது பேரிடம் ஒரு ஆய்வாளர் மணிக்கணக்காகப் பேசி, பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருக்கிறார். பேர், ஊர், கம்பெனி எல்லாம் எடுத்துவிட்டார்கள். ஒன்றாம் ஆள், இரண்டாம் ஆள் என்று எண்தான். இரண்டு மூன்று மாதத்தில் எல்லாருக்கும் திறக்கப் போவதுதான், அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். பதினோராம் ஆள், ஏதோ இயந்திரப் பராமரிப்பு வேலையாம். அவர் சொல்கிறார்:

"காது போனா என்னங்க, பல்லு இருக்கே. ஸ்குரூடிரைவரைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, மறு முனைய மோட்டார் மேல வச்சா, உள்ள என்ன நடக்குதுன்னு தாடைக்குத் தெரிஞ்சுடும். பல்லும் போச்சுன்னா அப்பப் பாத்துக்கலாம்."

அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்து அவள் பார்த்ததில்லை. உனக்கும் இந்த ஆளுக்கும் நன்றாக ஒத்துப்போகும் அண்ணா. இன்னும் நூறு பக்கம் பாக்கி, மெதுவாகப் படிக்க வேண்டும்.

அன்புடன்,
கட்டெறும்பு

•

மே 2

அன்புள்ள தங்கைக்கு,

நலம். மாப்பிள்ளைக்குச் சளி சரியாகியிருக்கும். இங்கே வெயில் அதிகம்.

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை. வேறு ஒன்றுமில்லை.

நீ சிரித்தேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பலமுறை படித்தேன். சந்தோஷமாக இருந்தது. அந்த ஆள் பேசியதை முழுக்கப் படித்துவிட்டாயா? படிக்கத்தான் வேண்டுமா? இப்படிப் பேசுகிறவர்கள் ஆரம்பத்தில் வேடிக்கையாகப் பேசுவார்கள், பிறகு சலிப்பாக இருக்கும். உனக்கு எத்தனையோ வேலை இருக்கிறது. தேன்கூட்டைக் கேள்.

இந்த மாதம் ஒன்பதாம் தேதி வருகிறது. எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

அண்ணன்

•

மே 15

அண்ணாவுக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்று இந்தத் தடவை நிஜமாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன தடவைகளில் வழக்கத்துக்கு எழுதினேன்.

ஒன்பதாம் தேதி நானும் இவரும் வீட்டிலேயே இருந்தோம். யாரிடமும் பேசவில்லை. மறுநாள் உன் கடிதம் வந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

அந்தத் தொகுப்பு இப்போது என்னிடம் இல்லை. வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். எங்களுக்கு ஒரு விதி உண்டு. சரிபார்க்கிறவர் அதில் பேசுகிற யாரையாவது இன்னார் என்று கண்டுகொண்டால், அந்த நிமிஷமே கையை எடுத்துவிட வேண்டும். எந்த எண் என்பதை மட்டும் ஆய்வாளருக்கு எழுத வேண்டும். ஆய்வாளர் அந்த ஆளிடம் போய், பேசியது இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா என்று கேட்பார். கண்டுகொண்டவர் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. யாரிடமும் என்றால் யாரிடமும்தான்.

திறப்பதற்கு முன்னாலேயே உனக்கு அதிலிருந்து எடுத்து எழுதியது என் தப்பு. எல்லாருடைய ரகசியத்தையும் காக்கிற வேலையில் இருந்துகொண்டு, வேடிக்கை என்று நினைத்து எழுதிவிட்டேன். மேலதிகாரியிடம் அதையும் சொல்லிவிட்டேன். திட்டு வாங்கினேன்.

வேறு எதுவும் கேட்காதே அண்ணா. சாப்பிடு. நன்றாகத் தூங்கு. ஏணியில் ஏறும்போது கீழே யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்.

எனக்குக் கோபம் இல்லை.

கட்டெறும்பு

•

ஜூன் 6

என் கட்டெறும்புக்கு,

நலம் என்று இந்தத் தடவை எழுத மாட்டேன். எனக்கு இரண்டு காதும் முக்கால்வாசி போய்விட்டன. மூன்று வருஷம் ஆகிறது.

ஆய்வாளர் அம்மா போன வாரம் எழுதியிருந்தார். காப்பகத்தில் ஒருவர் உங்களைக் கண்டுகொண்டுவிட்டார், யார் என்று எங்களுக்குத் தெரியாது, நீங்கள் பேசியதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரியுமே யார் என்று. நான் அந்த அம்மாவிடம் சொன்ன கதையில் இரண்டே பேர். ஒருவன் நான்.

காது சோதனைக்குப் போன இடத்தில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். முன்பின் தெரியாதவர், எழுதிக் காட்டி எழுதிக் காட்டிக் கேட்டார். கொட்டிவிட்டேன். உன்னிடம் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொன்னேன். நீ எந்த வரி வரை படித்தாய் என்று தெரியாது. அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. போன் வந்தால் சமாளிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. கொஞ்ச நேரம் பேச விடுவேன். பிறகு "சரிம்மா, சரி, எல்லாம் நல்லபடியா நடக்கும், வேலை இருக்கு" என்பேன். முக்கால்வாசிப் பேருக்கு அது பொருந்திவிடும். என்னைவிட நல்ல மனிதன் யார் என்று போய்விடுவார்கள். அன்றைக்கு உன் பேர் திரையில் தெரிந்தது. நீ மெதுவாகப் பேசினாய் போலிருக்கிறது. எனக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. மாசமாக இருக்கிறவள், ஏதோ செல்லமாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டேதான் வைத்தேன் அம்மா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளை அனுப்பிய செய்தியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஓடி வந்திருக்க வேண்டும். வந்தால் நீ அழுதுகொண்டே பேசுவாய், என்ன பேசுகிறாய் என்று தெரியாமல் நான் தலையாட்டுவேன், அதையும் நீ பார்ப்பாய். அந்தப் பயத்தில் உட்கார்ந்துவிட்டேன். செவிடன் என்பதைவிடக் கல்நெஞ்சுக்காரன் என்று நீ நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. கேவலம். மன்னித்துவிடு.

போன மாதம் ஒரு லிஃப்டில் பேரிங் கத்திக்கொண்டிருந்தது. கூட வேலை பார்ப்பவர் இரண்டு மாடி கீழே இருந்து ஓடி வந்தார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அதில் தினம் முந்நூறு பேர் ஏறி இறங்குகிறார்கள். அன்றே மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போகவில்லை. பட்டறையில் உட்கார்ந்து ஒயர் பலகை பூட்டுகிறேன். அங்கே காதுக்கு வேலை இல்லை.

நான் பேசியதை எடுக்க வேண்டாம் என்று ஆய்வாளருக்கு எழுதிவிட்டேன். இருக்கட்டும். என்னைப் போல ஒரு முட்டாள் எங்காவது அதைப் படித்து, வீட்டில் உண்மையைச் சொல்லித் தொலைக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீ போனில் சொன்னதை எழுதி அனுப்புவாயா? எனக்குத் தெரிய வேண்டும்.

அண்ணன்

•

ஜூன் 19

என் அண்ணாவுக்கு,

முக்கால்வாசி போய்விட்டது என்றால் கால்வாசி இருக்கிறது. டாக்டர் சொன்ன கருவியை வாங்கி மாட்டிக்கொள். இதைக் கெஞ்சலாக எடுத்துக்கொள்ளாதே, உத்தரவு. இவருக்கும் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தை வாங்கித் தானும் படித்தார். பிறகு "பாவம்டி, தனியா எப்படிச் சமாளிச்சாரு" என்றார்.

நான் அந்தப் பக்கங்களைப் படித்த விதத்தைச் சொல்லவேண்டும். "அன்னிக்கு அவ கூப்பிட்டா, நான் சிரிச்சுக்கிட்டே வச்சேன்" என்ற வரியில் என் விரல் நின்றுவிட்டது. சாப்பாட்டு அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஒரு வருஷமாக நீ என்னைத் தூக்கி எறிந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில், உனக்குக் காது கேட்காது என்பதுகூட அப்புறம்தான் உறைத்தது. அதற்கு நீ என்னை மன்னித்துவிடு.

நீ கேட்டதை எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நீ உண்மையாக எழுதிவிட்டாய், நான் மட்டும் மறைத்தால் நன்றாக இருக்காது.

நான் சொன்னது இவ்வளவுதான்:

"அண்ணா, குழந்தை தங்கல. பொண்ணு. இங்க எல்லாரும் ஏதேதோ ஆறுதல் சொல்றாங்க, என்னால கேக்க முடியல. நீ எதுவும் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் போனை வைக்காம மட்டும் இரு."

தங்கை

•

ஜூன் 24

அம்மா,

உன் கடிதம் காலையில் வந்தது. பட்டறையில் நின்றபடியே படித்தேன். பிறகு மேனேஜரிடம் போய் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று எழுதிக் கேட்டார். "தங்கை கூப்பிட்டாள்" என்று எழுதினேன்.

சனிக்கிழமை காலை வண்டிக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். மத்தியானம் வந்துவிடுவேன். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அலைய விடாதே, வழி தெரியும். காதில் ஒன்று மாட்டிவிட்டிருக்கிறார்கள். கரண்டி விழுந்தால் இடி விழுந்த மாதிரி கேட்கிறது, மனிதர் பேசுவது இன்னும் பிடிபடவில்லை. அதனால் நீ என்னிடம் பேச வேண்டும் என்று இல்லை. அழ வேண்டும் என்றால் அழு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எதுவும் சொல்ல மாட்டேன். நீ போதும் என்று சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

உன் அண்ணன்